அழுதால் அதிரும்

மாபுட்சுவே, லெசோதோ
3 பிப்ரவரி 1991

லினேயோவின் அப்பாவுக்கு,

நீங்கள் வெல்கோம் தங்கச் சுரங்கத்துக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. வந்து சேர்ந்தேன் என்று ஒரு வரியாவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

பால் நின்றுவிட்டது. மூன்று வாரம் நெஞ்சு கல்லாய்க் கனத்தது. தையல் மெஷினில் குனியும்போதெல்லாம் சட்டை நனைந்தது. பக்கத்து மெஷின்காரி துண்டுத் துணி எடுத்துக் கொடுப்பாள். இப்போது அதுவும் வேண்டியதில்லை.

அன்று நடந்ததை நான் மறுக்கவில்லை. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதுகு வீட்டுப் பக்கம் இருந்தது. பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்து, நெற்றி கிழிந்து, தொண்டை கம்மும்வரை அழுதிருக்கிறாள். பத்தடி தூரம்தான். பதினோரு வயதில் மூளைக்காய்ச்சலோடு போன காது, எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வருஷம் முழுக்கச் சுரங்கத்தில் கிடந்துவிட்டு வந்த உடம்பு, உங்களைக் குறை சொல்லவில்லை. கடைக்குப் போயிருந்த உங்கள் அக்காதான் வந்து தூக்கினார். நான் திரும்பிப் பார்த்தபோது மாதுமேலோ அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது: "காது கேக்காதவ கையில புள்ளையக் குடுத்தா வேற என்ன ஆகும்?" உதட்டைப் பார்த்துப் படிப்பதில் எத்தனையோ வார்த்தை எனக்குத் தவறிப்போகும். அது தவறவில்லை.

மறுநாள் நீங்களே பிள்ளையைப் போர்வையில் வைத்து அக்காவின் முதுகில் கட்டினீர்கள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. பஸ் அக்காவின் மலையூருக்குப் போய்விட்டது.

நான் சண்டை போட எழுதவில்லை. எனக்குச் சில சாமான்கள் வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபிக்ஸ்பர்க்கில் பழைய புத்தகக் கடையில் பள்ளிப் பையன்கள் படிக்கிற புத்தகம் ஒன்று கிடைத்தது. கைதட்டினால் விளக்கெரிகிற சர்க்யூட் அதில் படம் போட்டிருக்கிறது. விளக்குக்குப் பதில் சின்ன மோட்டார் வைத்தால் அதிரும். கம்பியை நீளமாக விட்டு மோட்டாரை என் இடுப்பில் கட்டிக்கொண்டால் பிள்ளை அழுவது எனக்குத் தெரியும். மேஜையில் கை வைத்தே எந்த மெஷினில் ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்பவள் நான். அதிர்வு என்னை ஏமாற்றாது.

டிரான்சிஸ்டர் மூன்று, மைக் ஒன்று, செம்புத் தகடு ஒட்டிய அட்டை உள்ளங்கை அளவு, அந்தச் செம்பை அரிக்கும் மருந்து. மீதி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வெல்கோமில் ரேடியோ சாமான் கடை இருக்கும். வாங்கி யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

லிபுவோ


வெல்கோம்
1 மார்ச் 1991

லினேயோவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். மேலே வந்தால் கை பேனா பிடிக்காது.

சாமான் வாங்கவில்லை. கோபப்படாதே, யோசித்துப் பார். கம்பியையும் பேட்டரியையும் நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது? அக்கா வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது ஒருவருக்குக் கேட்கும். பால்மாவுக்கு நான் பணம் அனுப்புகிறேன். பிள்ளை நடக்கிற வயது வரட்டும், பிறகு பார்க்கலாம்.

இங்கே தங்கம் விலை போகவில்லையாம். ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம். எந்தப் பெயர் பட்டியலில் வரும் என்று சாப்பாட்டு வரிசையில் இதே பேச்சு. எனக்குப் பேசவும் பிடிக்கவில்லை, கேட்கவும் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சிதோய் என்று ஒருவன், மொசாம்பிக்காரன். விடுதியில் எல்லாருடைய ரேடியோவையும் அவன்தான் சரிசெய்கிறான். உன் பட்டியலை என் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறான். "எந்தக் கடைக்காரன்யா எழுதிக் குடுத்தான் இத?" என்றான். என் வீட்டுக்காரி என்றேன். "ஒண்ணு விட்டுப்போச்சு. மோட்டாருக்குக் குறுக்க ஒரு டயோடு வைக்கச் சொல்லு. இல்லாட்டி மோட்டார் நிக்கும்போது உதைக்கிற உதையில டிரான்சிஸ்டர் செத்துரும்" என்றான். எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மலெஃபானே


மாபுட்சுவே
31 மார்ச் 1991

லினேயோவின் அப்பாவுக்கு,

"லினேயோவின் அம்மாவுக்கு" என்று எழுதக் கூச்சமாக இல்லையா? பிள்ளை மலையில், அம்மா இங்கே.

நீங்கள் வாங்காவிட்டால் என்ன? எல்லையைத் தாண்டிப் போய் நானே வாங்கினேன். கடைக்காரர் என்னிடம் பேசாமல் என் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று பார்த்தார். வரவில்லை என்று தெரிந்த பிறகு கொடுத்தார். உங்கள் சிநேகிதர் சொன்ன டயோடையும் கேட்டு வாங்கினேன். அவருக்கு நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு இல்லை.

முதல் போர்டு வீணாகிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், நீங்கள் சந்தோஷப்படலாம்.

எந்தச் சாமான் எங்கே உட்காரவேண்டும், எதிலிருந்து எதற்குச் செம்புக் கோடு ஓடவேண்டும் என்று காகிதத்தில் போட்டுப்பார்க்கவே பத்து நாள் ஆனது. ஒரு கோடு இன்னொன்றைத் தொடக்கூடாது. தாண்டவும் முடியாது. சுற்றித்தான் போகவேண்டும். பஸ்ஸில், வரிசையில், கக்கூஸில்கூட அதே யோசனை. பிறகு செம்பின் மேல் நகப்பூச்சால் கோடு வரைந்தேன். புலேங்கிடம் வாங்கிய நகப்பூச்சு. அடுத்த அறைப் புலேங் உங்களுக்குத் தெரியும், சத்தமாய்ச் சிரிக்கிறவள் என்று நீங்களே சொல்வீர்கள். "எவன் வர்றான், இப்படிச் செவப்பாப் பூசப்போற?" என்று கேட்டாள். மார்ஜரின் டப்பாவில் மருந்தைக் கரைத்து அட்டையை அதில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தேன். பூச்சு இல்லாத செம்பு கரைந்துபோய்விட்டது, பூச்சுக்கு அடியில் இருந்தது மட்டும் கோடாக நின்றது. பார்க்க அழகாக இருந்தது. விரல்கள் துரு நிறமாகிவிட்டன. தொழிற்சாலை மேஸ்திரி என் கையைப் பிடித்து, வெள்ளைத் துணியில் ஒட்டுமா என்று தேய்த்துப் பார்த்தார்.

ஓட்டை போட, உடைந்த மெஷின் ஊசிகளைத் தீட்டி, கையால் சுற்றுகிற துரப்பணத்தில் மாட்டினேன். ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்னுக்கு மின்சாரம் ஏது? செம்புக் கட்டி ஒன்றைக் கம்பியில் கட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய்ச்சினேன். ஒரு பொட்டு ஈயம் வைப்பதற்குள் ஆறிவிடும். திரும்பவும் காய்ச்சவேண்டும். ஒரு டிரான்சிஸ்டர் காலைக் கருக்கிவிட்டேன், கட்டைவிரலையும்.

எல்லாம் வைத்து பேட்டரி கொடுத்தால் ஒன்றுமே இல்லை. செத்த எலி மாதிரிக் கிடந்தது.

மூன்றாம் நாள், மெஷினில் ஒரு சட்டைக் கையைத் திருப்பிப் போடும்போது விளங்கியது. துணியின் நல்ல பக்கம் பார்த்து வெட்டினால் வலது கை. கெட்ட பக்கம் பார்த்து வெட்டினால் அதுவே இடது கை ஆகிவிடும். நான் சாமான் இருக்கும் பக்கமிருந்து படம் போட்டு, அதை அப்படியே அடிப்பக்கச் செம்பில் வரைந்துவிட்டேன். எல்லாம் இடம் வலமாக மாறிவிட்டது. ஆறு வருஷமாகச் சட்டை தைக்கிறவள் செய்கிற தப்பா இது? ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். சாமான்களைப் பிடுங்கப் பார்த்தால் பாதி உடைந்துபோயின.

இன்னொரு அட்டை வாங்கத் தெம்பில்லை. இப்போதைக்கு அவ்வளவுதான்.

லிபுவோ


வெல்கோம்
21 ஏப்ரல் 1991

லிபுவோவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் ஒரு பொட்டலமும் இருக்கும். இரண்டு அட்டை, டிரான்சிஸ்டர் ஆறு, மீதியும் இருக்கின்றன. உடைந்த கேசட் பிளேயரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்றைச் சிதோய் கொடுத்தான். அதன் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஈயக் கட்டி வைத்திருக்கிறான். சுற்றும்போது நிலையில்லாமல் உதறும். நான் கையில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே உதறுகிறது.

நான் ஏன் வாங்கினேன் என்று கேட்காதே. உன் கடிதத்தைச் சிதோய்க்குப் படித்துக் காட்டினேன். சட்டைக் கை விஷயம் வந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "நான் இந்தத் தப்பக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆச்சுய்யா. அதுவும் எங்க மாமன் மண்டையில தட்டிச் சொல்லிக் குடுத்தான். உன் வீட்டம்மா மூணு நாள்ல கண்டுபிடிச்சிருக்கு. நீ என்னத்துக்குய்யா தடுக்கிற?" என்றான். அந்த வாரமே அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அவன் சொன்னது: ஈயம் வைத்த பிறகு ஆறும்வரை அசைக்காதே. அசைத்தால் உள்ளே பிடிக்காது, மேலே மட்டும் பிடித்ததுபோல் இருக்கும்.

முதல் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. இன்னும் ஒட்டுவார்களாம்.

மலெஃபானே


மாபுட்சுவே
19 மே 1991

லினேயோவின் அப்பாவுக்கு,

போர்டு வேலை செய்கிறது.

இந்தத் தடவை படத்தைக் கண்ணாடி ஜன்னலில் வைத்துப் பின்பக்கமாகப் பார்த்து வரைந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. துணி துவைக்கவில்லை. ஒரே கஞ்சியைக் காலையிலும் மாலையிலும் தின்றேன். பேட்டரி கொடுத்தபோது மோட்டார் உள்ளங்கையில் துள்ளியது, நான் கையை உதறிவிட்டேன்.

ஆனால் எதற்குத் துள்ளுகிறது? எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவள் சத்தத்துக்கு ஒரு கருவி செய்திருக்கிறேன். புலேங்கைக் கூப்பிட்டேன். அவளை வாசலில் நிறுத்தி, "பிள்ளை மாதிரி அழு" என்றேன்.

"எனக்கு வெக்கமா இருக்குடி. தெருவுல ஆளுங்க போறாங்க."

"உன் புருஷன் உன்ன விட்டுட்டுப் போனப்ப அழுதியே, அப்படி அழு."

அவள் சிரித்தாள். மோட்டார் துள்ளியது. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் அழுதாள். துள்ளியது. பிறகு நிற்கவே இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் உதறியது: தகரக் கூரையில் ஆலங்கட்டி, டாக்சி ஹாரன், பக்கத்து அறை ரேடியோ. மைக் அருகில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். புலேங் ஒரு வாரமாக இருமியும் தட்டியும் கத்தியும் தொண்டையைக் கெடுத்துக்கொண்டாள். இப்போது பேச்சுக்கு அசையாது. கத்தினால் அசையும்.

ஆனால் லினேயோவின் அழுகை எவ்வளவு உரக்க இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளை வைத்துத்தான் அந்தத் திருகைச் சரியான இடத்தில் நிறுத்த முடியும்.

ஜூன் கடைசியில் தொழிற்சாலை ஒரு வாரம் மூடுகிறார்கள். மலைக்குப் போகிறேன். அக்காவுக்கு நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். நான் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் பிள்ளையைக் கொடுப்பார்.

களைத்துப்போயிருக்கிறேன். இதை மட்டும் செய்யுங்கள்.

லிபுவோ


வெல்கோம்
9 ஜூன் 1991

லிபுவோவுக்கு,

அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அவளுக்கு எழுதுமுன் உனக்கு எழுதவேண்டியது ஒன்று இருக்கிறது.

அன்று நான் தூங்கவில்லை.

விழுந்த சத்தம் கேட்டது. அழுகை கேட்டது. நீ வெளியே இருப்பது தெரியும். உனக்குக் கேட்காது என்பதும் தெரியும். எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். உடம்பு என்னுடையதாக இல்லை. பதினோரு மாதம் பூமிக்கு அடியில் சத்தத்திலேயே கிடந்தேன். சைரன் அடித்தால் எழு, மணி அடித்தால் ஓடு. வீட்டிலாவது எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்காமல் கிடக்கலாம் என்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கிடந்தேன். அக்காவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் உன்னைத் திட்டியதும் கேட்டது.

பிள்ளையை அவள் முதுகில் கட்டும்போது உன்னைப் பார்க்காததற்கு இதுதான் காரணம். உன் மேல் கோபத்தில் நான் பார்க்காமல் இருக்கவில்லை.



மலெஃபானே


மாபுட்சுவே
7 ஜூலை 1991

மலெஃபானே,

உங்கள் கடிதத்தை மலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். கிளம்புகிற அன்று காலைதான் தபாலில் எடுத்தேன். குளிர்காலம், பனி கொட்டிப் பாதை சறுக்கியது, பஸ் இரண்டு தடவை நின்றது. இறங்கித் திரும்பி நடந்துவிடலாமா என்றிருந்தது. ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பத்தடியை நான் நடந்திருக்கிறேன். கொடியிலிருந்து கட்டிலுக்கு. நீங்கள் எழுந்தால் நான்கடி.

கடிதம் என் சட்டைக்குள் இருந்தது. அக்காவிடம் நீட்டியிருந்தால் அன்றைக்கே பிள்ளையைக் கொடுத்திருப்பார். நீட்டவில்லை. உங்கள் வெட்கத்தைக் கொடுத்துப் பிள்ளையை வாங்க எனக்கு மனம் வரவில்லை. நான் செய்ததைக் காட்டி வாங்கத்தான் போனேன்.

லினேயோ நடக்கிறாள். என்னைப் பார்த்து அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அழுதாள். மோட்டாரை வைத்துத் திருகை அங்கேயே சரிசெய்தேன். என்னைப் பார்த்து அவள் அழுத அழுகையை வைத்தே. இதையும் உங்களுக்கு எழுதவேண்டியிருக்கிறது.

அக்கா அந்தச் சர்க்யூட் பலகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது செத்துப்போச்சுன்னா?" என்றார். நான்கு நாள் அது சாகவில்லை. பிள்ளை உள்ளே தூங்கும், நான் ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டு, களத்தில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருப்பேன். இடுப்பில் உதறியதும் எழுவேன். அக்கா தலையை நிமிர்த்துமுன் நான் வாசலில் இருப்பேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கருவி செத்துப்போனது. அக்கா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். உள்ளே லினேயோ முகமெல்லாம் சளியாக உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பலகையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈயம் மட்டும் பளபளப்பில்லாமல் சாம்பலாக இருந்தது. நகத்தால் தொட்டதும் கம்பி ஆடியது. ஆறும்போது அசைத்திருக்கிறேன். அத்தனை நாளும் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது, குளிரில் விட்டுவிட்டது. சாமானெல்லாம் பிஸ்கட் டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து, செம்புக் கட்டியைக் காய்ச்சினேன். பலகை வழுக்கிக்கொண்டே இருந்தது.

அக்கா லினேயோவைத் தன் மூத்த மகளிடம் கொடுத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குப் புரியும்படி உதட்டை மெதுவாக அசைத்துச் சொன்னார்: "வை. நான் ஆடமாட்டேன்."

வைத்தேன். அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். பொட்டு பளபளப்பாக ஆறியது. பேட்டரி கொடுத்தேன். அக்கா பலகையைப் பார்த்து "ஏய்!" என்று கத்தினார். மோட்டார் துள்ளியது.

"ஒடஞ்சா ஒனக்கே ஒட்டத் தெரியுதே" என்றார். பலகையை என்னிடம் நீட்டிக்கொண்டே, "மூணு புள்ளையோட நாலாவதாப் பாத்துக்கிட்டேன். என் இடுப்பும் போச்சுடி. அத நான் யார்ட்டச் சொல்ல? என் தம்பிகிட்டயா?" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவரே பிள்ளையை என் முதுகில் கட்டிவிட்டார். பஸ் முழுக்க லினேயோ அத்தையைக் கேட்டு அழுதுகொண்டே வந்தாள். முதுகில் இருக்கும்போது எனக்குக் கருவி தேவையில்லை. அவள் அழுகை என் விலா எலும்புக்குள் ஓடியது. எட்டு மணி நேரம்.

நீங்கள் எழுதியதை அக்காவிடம் நீங்களே சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன். உங்களை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். யோசிக்க எனக்கு இப்போது நேரமில்லை. பிள்ளை தூங்கும்போது நானும் தூங்கவேண்டும்.

லிபுவோ


வெல்கோம்
28 ஜூலை 1991

லிபுவோவுக்கு,

அக்காவுக்கு எழுதிவிட்டேன். உனக்கு எழுதியதை அப்படியே எழுதினேன். அவளுடைய மூத்த மகள் கையெழுத்தில் பதில் வந்தது, இரண்டே வரி: "காது கேக்காதது யாருக்குன்னு தப்பா நெனச்சுட்டேன். அவகிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன், நீ ஒன் மூஞ்சியக் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் காட்டாத."

மூன்றாவது பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. சிதோயின் பெயரும்தான். அவன் ரயிலில் ஊருக்குப் போய்விட்டான். உன் போர்டைப் பார்க்காமலே போகிறேனே என்றான். என் கணக்கைத் தீர்க்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். பிறகு எனக்குப் போக்கிடம் நீ இருக்கும் அறை மட்டும்தான். வரலாமா என்று கேட்டு எழுதுகிறேன். வராதே என்றால் ஃபிக்ஸ்பர்க்கில் தோட்ட வேலை ஏதாவது பார்த்துக்கொள்கிறேன்.

வந்தால் ஒன்று. நான் வீட்டில் இருக்கிறேன், எனக்குத்தான் காது கேட்கிறதே என்று அந்தக் கருவியைக் கழற்றி வைத்துவிடாதே. என் காதை நான் நம்பவில்லை. அதில் இன்னொரு மோட்டார் சேர்க்க முடியுமா? என் இடுப்பில் கட்டிக்கொள்ள.

மலெஃபானே


மாபுட்சுவே
11 ஆகஸ்ட் 1991

லினேயோவின் அப்பாவுக்கு,

சேர்க்கலாம். இரண்டு ஓட்டை போட இடமிருக்கிறது. மோட்டாரும் இன்னொரு டயோடும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பத்து மீட்டர் கம்பியும் வேண்டும்.

ஒட்டப்போவது நான் இல்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தருவேன். பலகையை அசையாமல் பிடித்துக்கொள்வேன். ஈயத்தை நீங்கள் வையுங்கள். முதல் தடவை சரியாக வராது, விரல் சுடும். வரும்வரை வைக்கலாம்.

அவள் எழுந்துவிட்டாள். உதறுகிறது. மீதியை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

லிபுவோ